அம்மா யார் கட்சி

எங்கள் வீட்டில் மூன்று பிள்ளைகள், மூன்று மார்க்கம். அண்ணன் மருந்துக்கடை வைத்திருக்கிறான். கல்யாணம் ஆன கையோடு அண்ணியின் சர்ச்சுக்குப் போக ஆரம்பித்தவன், இப்போது தலைவலி மாத்திரைக்கு வருகிறவனைக்கூட ஒரு வசனம் சொல்லாமல் அனுப்புவதில்லை. அக்கா கணக்கு டீச்சர். அத்தான் விட்டுவிட்டுப் போன பிறகு புத்தரைப் பிடித்துக்கொண்டாள். பற்றுதான் துன்பத்துக்குக் காரணம் என்று அவள் விளக்க ஆரம்பித்தால் கரும்பலகை ஒன்றுதான் குறை. கடைக்குட்டி நான். கடவுள் இல்லை, ஆன்மா இல்லை, செத்தால் அதோடு சரி என்று பதினேழு வயதில் சாப்பாட்டு மேஜையில் அறிவித்தவள், இதுவரை வாபஸ் வாங்கவில்லை. கார் ஓட்டக் கற்றுக்கொடுத்துப் பிழைக்கிறேன்.

மூவரும் ஒன்றாகச் சாப்பிட உட்கார்ந்தால் பருக்கை வயிற்றுக்குள் நிம்மதியாக இறங்காது. அண்ணனுக்கு ஒரே பிறவி, ஒரே தீர்ப்பு, அதற்கப்புறம் நித்தியம். அக்காவுக்குப் பிறவிகள் எத்தனையோ உண்டு, ஆனால் பிறப்பதற்கு ஆன்மா என்று ஒன்று கிடையாது. அப்படியென்றால் எதுதான் போய்ப் பிறக்கிறது என்று நான் மடக்கினால், அந்தக் கேள்வியிலேயே பற்று இருக்கிறது என்பாள். அம்மா நடுவில் உட்கார்ந்து யார் தட்டில் என்ன தீர்ந்தது என்று பார்த்துக்கொண்டிருப்பாள். நீ யார் கட்சி என்று அவளை ஒருவரும் கேட்டதில்லை. கேட்கத் தேவையில்லை என்று மூவருமே நினைத்திருந்தோம்.

அந்த அம்மாதான் இப்போது ஆஸ்பத்திரியில் கிடந்தாள். மூளைக்குப் போகும் ரத்தக்குழாய் அடைத்து வலது பக்கம் விழுந்துவிட்டது, பேச்சு போய்விட்டது. அதோடு விட்டதா என்றால் இல்லை, நெஞ்சில் சளி கட்டி மூச்சும் திணற ஆரம்பித்தது. டாக்டரம்மா எங்களை ஒரு சின்ன அறையில் உட்கார வைத்து, இரண்டு வழி இருக்கிறது என்றார். தொண்டையில் துளை போட்டுக் குழாய் சொருகி மெஷினோடு இணைக்கலாம். கொஞ்ச காலம் கிடைக்கும், ஆனால் படுக்கையும் மெஷினுமாகத்தான். அது வேண்டாமென்றால் வலி தெரியாமல் மருந்து கொடுத்துக்கொண்டு, மூச்சு தானாக அடங்க விடலாம். சாயங்காலத்துக்குள் மூவரும் பேசி ஒரே முடிவாகச் சொல்லுங்கள் என்று எழுந்து போனார். எங்கள் மூவரிடம் போய் ஒரே முடிவு கேட்ட முதல் ஆள் அவராகத்தான் இருக்கும்.

அண்ணன் உடனே மெஷின் என்றான். உயிர் கொடுத்தவர் எடுக்கட்டும், நடுவில் நாம் யார் என்பது அவன் வாதம். அற்புதம் நடக்க ஒரு நாள் போதும், அந்த ஒரு நாளை நாம் பறிக்கக்கூடாது என்றான். அக்கா கூடவே கூடாது என்றாள். கடைசி நேரத்து மனம் அமைதியாக இருக்க வேண்டும், தொண்டையில் ஓட்டை போட்டுப் பயமுறுத்தி நிறுத்திவைப்பது அன்பில்லை, நம்முடைய பிடிவாதம் என்றாள். சொல்லும்போது அம்மாவின் மூக்குக்கண்ணாடிக் கூட்டை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்திருந்தாள்.

எனக்கு வாய் சும்மா இருக்காது. சொர்க்கத்தில் இடம் தயார் என்கிறவன் ஏன் வாசலை மறித்துக்கொண்டு நிற்கிறாய் என்று அண்ணனைக் கேட்டேன். அவன் கோபப்படவில்லை. போகிற இடம் நல்ல இடம் என்பதற்காகப் பெற்றவளைத் தள்ளிவிட முடியுமா என்று திருப்பிக் கேட்டான். சரி, நீ என்ன சொல்கிறாய் என்று இருவரும் என் பக்கம் திரும்பினார்கள்.

என் கணக்குப்படி விஷயம் எளிது. இந்த உடம்பைத் தவிர வேறு ஒன்றும் கிடையாது, உடம்புக்கு வலி வேண்டாம், அவ்வளவுதான். இதே விஷயத்தில் இரண்டு முறை சிநேகிதிகளுக்கு யோசனை சொல்லியிருக்கிறேன், தெளிவாகச் சொன்னாய் என்று பாராட்டும் வாங்கியிருக்கிறேன். ஆனால் இங்கே நாக்கு புரளவில்லை. அண்ணன் விட்டால் அம்மா ஆண்டவரிடம் போவாள். அக்கா விட்டால் இன்னொரு பிறவிக்குப் போவாள். நான் விட்டால் அவள் எங்கேயும் போகமாட்டாள். எனக்கென்று இருப்பது அந்தக் கட்டிலில் கிடக்கிறவள் மட்டும்தான். வண்டி ஓட்டக் கற்றுக்கொடுக்கும்போது என் காலடியிலும் ஒரு பிரேக் இருக்கும், எவன் எப்படி ஓட்டினாலும் பயமில்லை. இங்கே கால் வெறும் தரையில் கிடந்தது. பயமாக இருந்தது.

அப்போதுதான் அண்ணன் கடைசித் துருப்பை இறக்கினான். அம்மா தன் கட்சி என்றான். அவன் வீட்டுக்குப் போகும் ஞாயிற்றுக்கிழமைகளில் அவனோடு மண்டிபோட்டு ஜெபம் பண்ணினாளாம், பாட்டுக்கு நடுவில் அழுதாளாம்.

"எனக்கு இப்பத்தான்டா கண்ணு தெறந்திருக்குன்னு சொன்னா. தங்கச்சிங்ககிட்ட சொல்லாத, சண்டைக்கு வருவாங்கன்னா."

அக்கா நிமிர்ந்து பார்த்தாள். அவள் வீட்டில் அம்மா விடியற்காலையில் கண்ணை மூடிக்கொண்டு ஒரு மணி நேரம் ஆடாமல் அசையாமல் உட்காருவாளாம். இத்தனை வருஷம் கண்டதையும் பிடித்துக்கொண்டு தொங்கிவிட்டேன், இனி எதுவும் வேண்டாம் என்றாளாம். அதையும் மற்றவர்களிடம் சொல்லக்கூடாது என்றுதான் ஏற்பாடு.

நான் சிரித்திருக்க வேண்டும். சிரிப்பு வரவில்லை. என் வீட்டு அடுப்படியில் வெங்காயம் உரித்துக்கொண்டே, சாமியாவது பூதமாவது, போனால் போனதுதான், நம்ம குடும்பத்திலேயே நீ ஒருத்திதான் விவரமானவள் என்று அம்மா எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறாள். அண்ணனிடம் சொல்லாதே, பாவம், மனசு விட்டுப்போவான் என்பாள். அப்பா இருந்தவரை அப்பாவின் சாமிகள்தான் அவளுக்கும் சாமி, எல்லாம் போன ஜென்மத்துக் கணக்கு, அனுபவித்துத்தான் தீர்க்க வேண்டும் என்று அவரோடு சேர்ந்து சொன்னவள். இவனுக்கு உப்புக் குறைவு, இவளுக்குக் காரம் குறைவு என்று பார்த்துப் பரிமாறினமாதிரிதான் இதையும் பரிமாறியிருக்கிறாள். அவளுக்கு எது பிடிக்கும் என்று மூவரில் ஒருவருக்கும் தெரியவில்லை.

அண்ணன் முகம் சுண்டிப்போனது.

"அப்ப எங்கிட்ட சொன்னது பொய்யா?"

"எங்கிட்ட சொன்னது பொய்யா இருக்கக்கூடாதா?" என்றாள் அக்கா.

டாக்டரம்மா திரும்பி வந்தபோது மூவரும் மூன்று திசையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். அம்மாவுக்கு நினைவு இருக்கிறது, பேசத்தான் முடியாது, இடது கையில் பலம் இருக்கிறது, அவரையே கேளுங்கள் என்றார். ஆமாம் என்றால் கையை அழுத்துவார், இல்லையென்றால் சும்மா இருப்பார். எங்களுக்கு அது தோன்றவே இல்லை.

கட்டிலருகே நர்ஸ் முதலில் சோதித்துக் காட்டினாள். உங்களுக்கு மூன்று பிள்ளைகளா என்று கேட்டாள். அம்மா அழுத்தினாள். பத்துப் பிள்ளைகளா என்று கேட்டாள். கை அப்படியே இருந்தது. எனக்குக் கண் நிறைந்துவிட்டது. இனி நாங்கள் முடிவெடுக்க வேண்டாம், அவளே சொல்லிவிடுவாள் என்று நினைத்தேன்.

அண்ணன் மண்டிபோட்டு அவள் கையைப் பிடித்துக்கொண்டான்.

"அம்மா, தொண்டையில குழாய் வச்சு மெஷின் போடறோம்மா. ஆண்டவர் உன்ன எழுப்பிடுவாரு. சரியாம்மா?"

அம்மா அழுத்தினாள். எனக்கே தெரிந்தது, அவன் புறங்கையில் விரல் பதிந்த இடம் வெளுத்தது. அவன் அழுதுகொண்டே எழுந்தான்.

அக்கா அதே கையை வாங்கிக்கொண்டாள். குரல் மட்டும் அமைதியாக இருந்தது.

"அம்மா, மெஷின் கிஷின் ஒண்ணும் வேணாம். எல்லாத்தயும் விட்டுட்டு நிம்மதியா போறியாம்மா?"

அம்மா அழுத்தினாள். அதே பலத்தோடு அழுத்தினாள். நர்ஸ் எங்களைப் பார்க்காமல் மருந்துப் பையின் குழாயைச் சரிசெய்ய ஆரம்பித்தாள்.

இருவரும் எனக்கு வழிவிட்டார்கள். அம்மாவின் கை சில்லென்று இருந்தது. ஆமாம் என்று மட்டும் சொல்லத் தெரிந்த கையிடம், ஆமாம் என்று பதில் சொல்ல முடியாத கேள்வியைத்தான் கேட்க வேண்டும் என்று தோன்றியது.

"அம்மா, உனக்கு என்ன வேணும்?"

விரல்கள் அசையவில்லை. தூங்கிவிட்டாளோ என்று பார்த்தேன். கண் திறந்திருந்தது, என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். கேள்வி காதில் விழவில்லையோ என்று கிட்டக் குனிந்து மறுபடியும் கேட்டேன். அவள் பார்வை என் வாய்க்கு இறங்கியது. கை என் கைக்குள் தயாராக இருந்தது. நான் ஏதாவது ஒன்றைச் சொல்லட்டும், அழுத்திவிடலாம் என்று காத்துக்கொண்டிருக்கிறாள் என்பது அப்போதுதான் புரிந்தது. என்னிடம் சொல்ல ஒன்றும் இல்லை. டாக்டரம்மா வந்து கதவருகே நின்றார், நான் இன்னும் குனிந்தபடியே இருந்தேன்.