வாசலில் சொன்னது

...நமக்கில்லம்மா, அது தமிழ்நாட்டுக்குச் சொன்னது, இவ்வளவுதானே காலையில் சொன்னது, அதுவும் வாய் நிறைய பல்பொடி நுரையோடு, வாசலில் நின்றுகொண்டு, மீன் கூடையை இறக்கிவைத்த காசியம்மாவிடம், நுரையோடு சொன்ன பேச்சை யாராவது பெரிதாக எடுத்துக்கொள்வார்களா என்று பாலகுரு ஜீப்பின் முன் இருக்கையில் உட்கார்ந்து யோசித்துக்கொண்டிருந்தான், கையில் மைக், வாய் தன் பாட்டுக்குப் பேசிக்கொண்டே இருந்தது, பொதுமக்களுக்கு ஒரு முக்கிய அறிவிப்பு, வங்கக் கடலில் மையம் கொண்டுள்ள புயல் இன்றிரவு கரையைக் கடக்கக்கூடும், கடலோரத்திலும் தாழ்வான பகுதிகளிலும் வசிப்பவர்கள் உடனடியாகக் கோட்டுச்சேரி பள்ளிக்கூடத்துக்குச் செல்லுமாறு... வாய்க்கு இது பழக்கம். சொட்டு மருந்து, வீட்டு வரி, நாய்களுக்கு உரிமம், குடிநீர் வராத நாள், எல்லாவற்றையும் இந்த வாய்தான் சொல்கிறது, குரல் நன்றாக இருக்கிறது என்று யாரோ ஒரு அதிகாரி என்றோ சொன்னதிலிருந்து அலுவலகத்தில் மைக் என்றால் பாலகுரு, பாலகுரு என்றால் மைக். சொல்லும்போது மனம் எங்கேயாவது மேயப் போய்விடும், இன்று மட்டும் அது வாசலை விட்டு நகர மறுத்தது. எடுத்துக்கொள்வார்கள், காசியம்மா எடுத்துக்கொள்வாள், அதுதான் தொல்லை. அவள் எடுத்துக்கொண்டால் அவளுடைய மீனவக் குப்பமான கிளிஞ்சல்மேட்டில் பாதித் தெரு எடுத்துக்கொள்ளும், இருட்டுவதற்குள் அந்தத் தெருவைக் கிளப்பியாக வேண்டும்.

காலையில் அவன் பொய் சொல்லவில்லை, வானொலி அப்படித்தான் சொன்னது, தமிழ்நாட்டுக் கரையை நாகப்பட்டினத்துக்கும் கடலூருக்கும் நடுவே கடக்கும் என்று. நாகப்பட்டினத்தில் ஏறிக் கடலூருக்கு டிக்கெட் எடுக்கிறவன் காரைக்காலைத் தாண்டாமல் போக முடியுமா, முடியாது, இது சின்னப் பிள்ளைக்கும் தெரியும், ஆனால் தமிழ்நாடு என்ற சொல் காதில் விழுந்ததும் புதுச்சேரி ஆட்சியில் இருக்கிற இந்த ஊர்க்காரனுக்குக் காது தானாக மூடிக்கொள்கிறது. அவர்கள் பள்ளிக்கு விடுமுறை என்றால் நமக்கு இல்லை, அவர்கள் பஸ் ஓடாது என்றால் நம் பஸ் ஓடும், அவர்கள் தேர்தல் வேறு, நம் தேர்தல் வேறு, சாராயக்கடை அங்கே மூடினால் இங்கே கூட்டம். இத்தனை வருடம் இப்படியே கேட்டுக் கேட்டுப் பழகிவிட்டு, புயலையும் அந்தக் கணக்கில் சேர்த்துவிட்டான், வாஞ்சூர் எல்லையில் அது வண்டியை நிறுத்திவிட்டு இறங்கிவிடும் என்பது போல. புதுச்சேரியிலிருந்து நமக்கென்று செய்தி வந்தால்தான் நமக்கு. மதியம் வந்தது. துறைமுகக் கம்பத்தில் கூண்டு ஏற்றிவிட்டார்கள் என்று சொல்லிக்கொண்டே மேலதிகாரி மைக்கை எடுத்துக் கையில் கொடுத்தபோது காசியம்மாவின் கூடைதான் முதலில் நினைவுக்கு வந்தது, அதில் இருந்த காரப்பொடி மீன், அவள் அதை முறத்தில் கொட்டிய சத்தம். அப்ப சரிங்க தம்பி, நீங்க சொன்னா சரிதான், என்று சொல்லிவிட்டுப் போனாள். எவ்வளவு நிம்மதியாகப் போனாள்.

ஜீப் சவுக்குத் தோப்பைத் தாண்டியது. தூறல்தான், மழை என்று சொல்ல முடியாது, காற்றும் இப்போதைக்கு ஒன்றுமில்லை, வானம் மட்டும் கழுவாத ஈயப் பாத்திரம் மாதிரி இருந்தது. மரியமுத்து வண்டியை மெதுவாக ஓட்டினார், அறிவிப்புக்கென்றே ஒரு வேகம் வைத்திருக்கிறார், இரண்டாவது கியரில் மாட்டுவண்டிக்கு வழிவிடுகிற வேகம். சார், கடைசி வரி சொல்லாம விட்டுட்டீங்க, என்றார். எந்த வரி? மரம், என்றார் மரியமுத்து. ஆமாம், மரம்... வீட்டின் மீது சாய்ந்துள்ள மரங்களை அகற்றிவிடவும், பலவீனமான சுவர்களின் அருகே தங்க வேண்டாம்... அவன் வீட்டிலும் ஒன்று இருக்கிறது. கொல்லைத் தென்னை, எழுபத்தேழு புயலில் ஊர்த் தென்னையெல்லாம் ஒரே பக்கமாகத் தலைசாய்த்துப் படுத்தபோது இது மட்டும் பாதி சாய்ந்து நின்றுவிட்டது, வீட்டின் ஓட்டுக் கூரைக்கு மேலே, இன்றைக்கு விழட்டுமா நாளைக்கு விழட்டுமா என்று கேட்பது போல. மனைவி லோகாம்பாள் மழைக்காலம் தோறும் கேட்பாள், என்னங்க அந்த மரத்த வெட்டித் தொலைச்சா என்ன. நல்லாக் காய்க்குதே என்பான் இவன். காய்க்கிறது, அதுவும் உண்மைதான். இவ்வளவு காய்க்கிற மரத்தை யார் வெட்டுவார்கள்? ஊருக்கெல்லாம் மைக்கில் வெட்டச் சொல்கிறவன் வெட்டுவானா?

எழுபத்தேழில் அவன் வேலைக்குப் புதிது. தண்ணீர் வடிந்த பிறகு கிளிஞ்சல்மேட்டுக்கு அரிசி கொண்டுபோன வண்டியில் இவனும் போனான், அப்போதுதான் காசியம்மாவை முதலில் பார்த்தது. அவள் புருஷன் கடலில் சாகவில்லை, அது அவளுக்குப் பெரிய அதிசயமாக இருந்தது, வந்தவர்களிடமெல்லாம் அதையே சொல்லிக்கொண்டிருந்தாள், கடலுக்குப் போயி போயி வந்த மனுசன் தன் வீட்டுச் சுவத்துல செத்தாரு பாருங்க என்று. அன்று எல்லோரும் கோயிலுக்குள் ஒதுங்கியிருந்தார்கள், நடுவில் காற்று அப்படியே நின்றுபோனது, ஓய்ந்துவிட்டது என்று நினைத்து வலையைப் பார்க்க வீட்டுக்குப் போனார், மறுபடி எதிர்ப்பக்கத்திலிருந்து அடித்தது, மண் சுவர் உள்பக்கமாக விழுந்தது. அதற்குப் பிறகு எச்சரிக்கை என்று ஒரு சொல் கேட்டால் போதும், முதல் ஆளாக அவள்தான் மூட்டை கட்டுவாள். இரண்டு தடவை கட்டினாள், பள்ளிக்கூடத்தில் போய் உட்கார்ந்தாள், புயல் ஆந்திரா பக்கம் போய்விட்டது, ஊரே சிரித்தது, காசியம்மா கல்யாண வீட்டுக்குப் போயிட்டு வந்துட்டா என்று. மறு தடவையிலிருந்து இவனைக் கேட்க ஆரம்பித்தாள். மைக்கில் சொல்லி முடித்ததும் ஜீப் ஜன்னலருகே வந்து குனிவாள், அது கவுருமெண்டு சொன்னது தம்பி, நீங்க சொல்லுங்க, நெசமா வருமா? இவனும் தலையை லேசாக ஆட்டுவான், வராது என்று. வரவில்லை. ஒவ்வொரு தடவையும் வரவில்லை. அதனால் அவன் வாக்குக்கு ஒரு பெயர் ஏற்பட்டுவிட்டது, மைக்கில் வருகிற குரலுக்கு இல்லாத பெயர். அதில் அவனுக்குக் கொஞ்சம் பெருமையும் இருந்தது, ஏன் இல்லை என்று சொல்ல வேண்டும்? காசியம்மா மூட்டை கட்டினாளா என்று பார்த்துத்தான் அந்தத் தெரு அடுப்பை அணைக்கும், அவளோ இவன் முகத்தைப் பார்ப்பாள், இவன் யார் முகத்தைப் பார்த்தான்?

கிளிஞ்சல்மேடு வந்தது. வள்ளங்களை மேட்டில் ஏற்றி வைத்திருந்தார்கள், அந்த மட்டில் சரி, ஆனால் எல்லா வீட்டிலும் அடுப்புப் புகை, ஒருவர் தாழ்வாரத்தில் வலை பிரித்துக்கொண்டிருந்தார், நாய் கூட எழுந்திருக்கவில்லை. வாய் சொன்னது, பொதுமக்களுக்கு ஒரு முக்கிய அறிவிப்பு. ஒருமுறை சொன்னது, திரும்பி வந்து இன்னொரு முறை சொன்னது. வலை பிரித்தவர் நிமிர்ந்து, காலையிலேயே காசியம்மா கேட்டுட்டு வந்துருச்சு சார், நமக்கில்லையாமே, என்றார். கிண்டலாக இல்லை, இவனுக்குத் தகவல் சொல்வது போலத்தான் சொன்னார். இவன் சொன்ன வாக்கியமே இவனை வரவேற்க ஊர் எல்லையில் நிற்கிறது, மீனோடு சேர்ந்து வீடு வீடாகப் போய் வந்திருக்கிறது. பயம்தான், வேறு பெயர் வைத்து என்ன ஆகப்போகிறது, பயமாக இருந்தது.

காசியம்மா வீட்டு வாசலில் இருந்தாள். மகள் பூவாயி தலைப்பிரசவத்துக்கு வந்து பிள்ளை பெற்றிருந்தாள், பச்சை உடம்பு, உள்ளே தூளி ஆடுவது தெரிந்தது, தூளிக்குப் பின்னால், அன்று புருஷன் மேல் விழுந்த அதே பக்கத்து மண் சுவர், புதிதாகச் சாணி மெழுகியது. காசியம்மா வழக்கம்போல் ஜன்னலருகே வந்து குனிந்தாள். மைக்க அமத்திட்டுச் சொல்லுங்க தம்பி. அவன் அணைத்தான். வரும் காசியம்மா, என்றான். இந்தத் தடவ வரும். அவள் அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள், மீன்காரி மீனின் செவுளைப் பார்ப்பது போல. காலையில இல்லன்னீங்களே. காலையில தெரியல, இப்பத்தான் செய்தி வந்துச்சு. யாரு சொன்னா? புதுச்சேரியிலேர்ந்து. அவள் நிமிர்ந்துவிட்டாள். அப்ப இதுவும் கவுருமெண்டு சொன்னதுதான், என்றாள், காலையில வாசல்ல நின்னு சொன்னீங்க, அது நீங்க சொன்னது, இப்ப ஜீப்புல ஒக்காந்து சொல்றீங்க. அவன் கீழே இறங்கினான், இறங்கினால் வாசலில் நின்றது போல் ஆகிவிடுமா என்ன, ஆகவில்லை, மண்ணில் செருப்பு புதைந்ததுதான் மிச்சம். பச்சப்புள்ளயத் தூக்கிட்டுப் போயி ஈரத்தரையில போட்டு, அதுக்கு ஒண்ணு ஆயிட்டா, ஊரு சிரிக்கிறத விடுங்க, என் மவ மூஞ்சில நான் முழிக்கணும்ல, என்றாள். நியாயம்தான். அவளுடைய இடத்தில் இருந்தால் அவனும் இதைத்தான் கேட்பான்... இல்லை, கேட்கக்கூட மாட்டான், தூங்கப் போயிருப்பான்.

சுற்றிலும் ஆட்கள் சேர்ந்துவிட்டார்கள், அவளைத்தான் பார்த்தார்கள். அப்போது அவள் கேட்டாள், உங்க வீட்டுல இப்ப எங்க இருக்காங்க தம்பி? அந்த ஓட்டு வூடு, அந்தத் தென்னமரம், நான்தான் தெனம் பாக்குறேனே. உங்க வீட்டம்மாவ எங்க வச்சுட்டு வந்தீங்க? பள்ளிக்கூடத்துக்கு அனுப்பிட்டுத்தான் வந்தேன், என்றான் பாலகுரு. எவ்வளவு சரளமாக வந்தது அது, ஒரு திக்கலும் இல்லாமல், மைக்கில் வருகிற அதே குரலில். மரியமுத்து ஸ்டியரிங்கிலிருந்து தலையைத் திருப்பி ஒருமுறை பார்த்துவிட்டு மறுபடி முன்னால் பார்த்துக்கொண்டார், அலுவலகத்திலிருந்து நேராக இருவரும் ஒன்றாகத்தான் கிளம்பினார்கள். காசியம்மா அவன் முகத்தில் எதைத் தேடினாளோ அது கிடைத்துவிட்டது. பூவாயி, புள்ளய எடு, என்று உள்ளே பார்த்துக் குரல் கொடுத்தாள். அவ்வளவுதான், வலை பிரித்தவர் வலையைச் சுருட்டினார், எதிர் வீட்டில் யாரோ அடுப்பில் தண்ணீர் ஊற்றினார்கள், புஸ்ஸென்ற சத்தம் கேட்டது, ஒரு வாளி, ஒரு சுருட்டிய பாய், கோழிக்கூடை, எல்லாம் தெருவுக்கு வந்தன. அவனுக்குச் சந்தோஷமாக இருந்திருக்க வேண்டும், இருந்தது, ஒரு நிமிடம் நன்றாகவே இருந்தது. லாரி இப்ப வந்துரும், ஏறிக்கிங்க, என்றான்.

அடுத்து எங்க சார், என்றார் மரியமுத்து. இன்னும் இரண்டு குப்பம் பாக்கி, இருப்பது இந்த ஒரு ஜீப், கோட்டுச்சேரியில் இருக்கும் அவன் வீட்டுக்குப் போய்த் திரும்பினால் இருட்டிவிடும். வடக்க போங்கண்ணே, என்று சொல்லிவிட்டு ஏறி உட்கார்ந்தான். காற்றுக்குத் திசை வந்துவிட்டது, சவுக்கின் நுனிகளெல்லாம் ஒரே பக்கம் பார்த்தன. காசியம்மா பிள்ளையைத் துணியில் சுற்றி நெஞ்சோடு பிடித்துக்கொண்டு ஓடி வந்தாள், வேறு ஒன்றுமில்லை, விடைபெறத்தான், பச்சப்புள்ளய வச்சுக்கிட்டு அங்க எனக்கு ஒத்தாசைக்கு உங்க வீட்டம்மாதான், அவங்க பக்கத்துலயே பாய் போட்டுக்கிறேன் தம்பி, என்றாள். போடுவாள். போய் முதலில் லோகாம்பாளைத்தான் தேடுவாள், வகுப்பு வகுப்பாகப் போய், தூங்குகிறவர்கள் முகத்தைக் கூடக் குனிந்து பார்த்து. இல்லையென்று தெரிந்ததும் என்ன செய்வாள்? பள்ளிக்கூடத்திலிருந்து அவன் தெரு கூப்பிடு தூரம்தான், போய்க் கதவைத் தட்டி, என்னம்மா இன்னும் இங்கேயே இருக்கீங்க என்று கேட்பாளா... அல்லது ஒன்றும் பேசாமல் மகளையும் பிள்ளையையும் எழுப்பிக்கொண்டு, காற்று கொஞ்சம் நின்ற நேரம் பார்த்து, தன் வீட்டுக்கே திரும்பி நடப்பாளா? இப்போதே கூப்பிட்டுச் சொல்லலாம், அங்கே இல்லை காசியம்மா, வீட்டில்தான் இருக்கிறாள், போகிற வழியில் அழைத்துக்கொண்டு போங்கள் என்று, ஒரு வாக்கியம், சொன்னால் லோகாம்பாள் பிழைப்பாள், ஆனால் இந்தத் தெரு முழுக்கப் பாயை மறுபடி வீட்டுக்குள் விரிக்கும். ஜீப் நகர்ந்துவிட்டது. கை மைக்கின் பொத்தானை அழுத்தியது, வாய் தொடங்கியது, பொதுமக்களுக்கு ஒரு முக்கிய அறிவிப்பு... இந்நேரம் பக்கத்து வீட்டு ரோஷன் பேகம் வேலிக்கு அந்தப்பக்கம் நின்று, புயலாமே என்று கேட்டிருப்பாள், லோகாம்பாள் கொடியில் கிடக்கும் துணியை எடுத்துக்கொண்டே, நமக்கில்லையாம், அவரு காலையிலேயே சொல்லிட்டாரு, என்று சொல்லியிருப்பாள்.