ஒரு பாடம் முன்னால்

மகள் நிருஜா பள்ளிக்கூடத்துக் கடிதத்தைக் கொண்டுவந்து சமையலறை மேசையில் வைத்தபோது சத்தியபாமாவுக்கு முதலில் வந்தது சந்தோசமல்ல, கொட்டாவி. காலை ஏழு மணியிலிருந்து முதியோர் இல்லத்தின் சலவைப் பகுதியில் படுக்கை விரிப்புகளை மடித்துவிட்டு வந்தவளுக்கு வேறு என்னதான் வரும்? வாயைப் பொத்திக்கொண்டு வாசித்தாள்.

நிருஜா உயர்தரப் பள்ளியில் சேர்ந்து ஒரு மாதம்தான் ஆகியிருந்தது. அதற்குள் கணக்கு ஆசிரியை எழுதிவிட்டாள். இந்தப் பிள்ளைக்கு முதலாம் வருடக் கணக்கு போதாது. அக்டோபர் விடுமுறை முடிந்ததும் நேராக இரண்டாம் வருட வகுப்புக்குத் தாண்டிப் போகலாம். பதினெட்டு வயது ஆகாதபடியால் பெற்றோரின் கையெழுத்து வேண்டும். அடுத்த வியாழக்கிழமை இருவரும் வந்து கதைத்தால் நல்லது.

புருசன் இரவீந்திரன் பஸ் ஓட்டிவிட்டு ஐந்து மணிக்கு வந்தான். கடிதத்தைப் படித்தவனுக்குத் தலைகால் புரியவில்லை. சப்பாத்தைக் கழற்றுவதற்கு முன்பே ரொறன்ரோவில் இருக்கும் தமையன் குகதாசனுக்குப் போன் போட்டான்.

"ஓம் அண்ணை, ஒரு வருசம் தாண்டிப் போறாள். ரீச்சரே எழுதியிருக்கிறா. இது எங்கடை பக்கத்து மூளை. வேறை எங்கையிருந்து வரும்?"

சத்தியபாமா வெங்காயம் வெட்டிக்கொண்டே அதைக் கேட்டாள். யாழ்ப்பாணத்தில் உயர்தரச் சோதனையில் கணக்கை மூன்று தரம் எடுத்தும் தேறாத பக்கத்து மூளையைப் பற்றி அவளுக்குச் சொல்ல நிறைய இருந்தது. ஆனால் வாய் திறக்கவும் ஒரு தெம்பு வேண்டுமே. ஞாயிறுக்குள் நோர்வேயில் அவர்கள் குடியிருந்த ஹவுகன்ஸ்டுவாவில் இருக்கிற தமிழ்க் குடும்பங்கள் எல்லாவற்றுக்கும் செய்தி போய்விட்டது. கோயிலில் ஒருத்தி அவள் கையைப் பிடித்து, என்ன சாப்பாடு கொடுக்கிறீர்கள் என்று கேட்டாள்.

இரவீந்திரனுக்குத் தெரியாத ஒன்று இருந்தது. நிருஜா கெட்டிக்காரி இல்லை என்று சொல்ல வரவில்லை. அவள் கெட்டிக்காரியா இல்லையா என்று இதுவரை எவரும் பார்த்ததே இல்லை.

இரண்டாம் வகுப்பில் ஒருநாள் கழித்தல் விளங்கவில்லை என்று பிள்ளை அழுதுகொண்டு வந்ததில்தான் எல்லாம் தொடங்கியது. யாழ்ப்பாணத்தில் சத்தியபாமா படித்த காலத்தில், பள்ளிக்கூட வாத்தியார் ஒரு பாடத்தைத் தொடங்கும்போது ரியூசன் வாத்தியார் அதை முடித்து ஒரு மாதம் ஆகியிருக்கும். படிப்பு என்றால் அப்படித்தான் என்று அவள் வளர்ந்தவள். ஆகவே மறுநாள் பள்ளியில் வரப்போகும் பாடத்தை முதல்நாளே வீட்டில் சொல்லிக்கொடுத்தாள். பிள்ளை சிரித்துக்கொண்டு வந்தது. அடுத்த வாரத்துப் பாடத்தைச் சொல்லிக்கொடுத்தாள். பிறகு அடுத்த வருடத்துப் பாடம். கோடை விடுமுறைக்கு லண்டன் போனாலும் பெட்டிக்குள் அடுத்த வகுப்புக் கணக்குப் புத்தகம் போகும். ஆசிரியை பலகையில் எழுதி முடிப்பதற்குள் நிருஜாவின் கை மேலே நிற்கும். நோர்வே ஆசிரியர்கள் நல்லவர்கள், ரியூசன் என்ற சாமானைக் கண்டறியாதவர்கள். பிள்ளையைப் பார்த்து அவர்கள் வாயைப் பிளந்ததில் பிழை இல்லை. தாயும் மகளும் மேசையில் இருப்பதைக் கண்டால், வீட்டுப்பாடம் என்று நினைத்துக்கொண்டு இரவீந்திரன் போய்ப் படுத்துவிடுவான்.

அதைக் கள்ளவேலை என்று சத்தியபாமா நினைத்ததில்லை. ஆறாம் வகுப்பு அளவில்தான் மனதில் லேசாக உறுத்தத் தொடங்கியது. எட்டாம் வகுப்பில் நிறுத்திப் பார்க்கலாம் என்று நினைத்தாள், பயம் விடவில்லை. அதற்குள் பிள்ளைக்குப் பெயர் வந்துவிட்டது. பெயர் வந்த பிள்ளையை நடுவழியில் எப்படி இறக்கிவிடுவது?

திங்கட்கிழமை நிருஜா தடித்த புத்தகம் ஒன்றைக் கொண்டுவந்து கொடுத்தாள்.

"அம்மா, ரெண்டாம் வருசக் கணக்குப் புத்தகம். லைப்ரரியிலை எடுத்துக்கொண்டு வந்தனான். லீவுக்கு முதல் மூண்டு பாடமாவது முடிச்சால்தான் சரி. ஏலுமோ?"

"ஏன் பிள்ளை ஏலாது? நீ படிச்சால் ஏலும்தானே."

"என்னைக் கேக்கேல்லை. உங்களுக்கு ஏலுமோ?"

பிள்ளை விளையாட்டுக்குச் சொல்லவில்லை. சோறு ஆகிவிட்டதா என்று கேட்பதுபோலத்தான் கேட்டாள். சத்தியபாமா புத்தகத்தைப் புரட்டினாள். கணக்கு அவளுக்குப் புதிதில்லை. எண்பத்தேழில் உயர்தரத்தில் நல்ல பெறுபேறு எடுத்து, சண்டையில் பாதை பூட்டியதால் பல்கலைக்கழகம் போகாமல் போனவள். ஆனால் நோர்வேஜியச் சொற்களை ஒவ்வொன்றாக விளங்கி, தமிழில் மனதுக்குள் போட்டு, திரும்பப் பிள்ளைக்கு விளங்கும் மொழியில் எடுக்க வேண்டும். ஒரு வருடத்துப் பாடத்துக்கு அதைச் செய்வதற்கே ஒரு கோடைகாலம் முழுக்கப் போகும். இப்போது மூன்று வாரத்தில் செய்ய வேண்டும். நாற்பத்திரண்டு வயது, மணிக்கட்டில் தீராத நோ, கண்ணாடி மாற்றி மூன்று வருடம். "பாப்பம்" என்று மட்டும் சொன்னாள்.

செவ்வாய்க்கிழமை வேலை முடிந்து ரயிலில் புத்தகத்தை மடியில் விரித்தாள். எக்ஸ் போட்ட ஒரு நீளமான கோவையை இன்னொன்றால் பிரிக்கும் கணக்கு. நாலாம் வகுப்பில் செய்யும் நெடும்பிரித்தல்தான், எண்கள் இருக்கும் இடத்தில் எழுத்துகள். அது பிடிபட்ட நிம்மதியில் அப்படியே நித்திரையாகிவிட்டாள். இறங்க வேண்டிய ஹவுகன்ஸ்டுவா போனது தெரியவில்லை. கண்ணைத் திறந்தபோது கடைசி நிலையமான லில்லஸ்ட்ரோமில் சனம் இறங்கிக்கொண்டிருந்தது. அடுத்த ரயிலில் திரும்பி வர ஏழு மணியாகிவிட்டது. அன்றைக்குப் பாடம் நடக்கவில்லை. புதன்கிழமை தலையிடி, அன்றைக்கும் இல்லை.

அன்று சாப்பாட்டுக்குப் பிறகு புருசனிடம் தொடங்கிப் பார்த்தாள்.

"இஞ்சருங்கோ, எனக்குக் களைச்சுப் போச்சு. பிள்ளை இருக்கிற வகுப்பிலையே இருக்கட்டுமே."

"களைச்சால் ரெண்டு நாள் லீவைப் போட்டிட்டுப் படும். அவள் படிக்கிறதுக்கு நீர் ஏன் களைக்கிறீர்?" என்றான் இரவீந்திரன், மெய்யாகவே விளங்காமல். அவள் கோப்பைகளைக் கழுவப் போய்விட்டாள்.

வியாழக்கிழமை கணக்கு ஆசிரியை ஹில்டெ அவர்களை வாசலுக்கே வந்து கூட்டிக்கொண்டு போனாள். முப்பது வயது இருக்கும், வாயெல்லாம் சிரிப்பு. இப்படி ஒரு மாணவியைத் தான் கண்டதே இல்லை என்றாள். எதையும் விளக்க வேண்டியதில்லை, சொல்லும் முன்பே அவளுக்குத் தெரிந்திருக்கிறது என்றாள். இரவீந்திரன் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தான். நிருஜா மேசையைப் பார்த்துக்கொண்டு இருந்தாள். கையெழுத்து வைக்க வேண்டிய தாள் நடுவில் கிடந்தது.

"வைப்பதற்கு முன் ஆசைக்கு ஒன்று செய்து பார்ப்போமா?" என்று ஹில்டெ ஒரு வெள்ளைத் தாளில் ஒரு கணக்கை எழுதி நிருஜாவின் பக்கம் தள்ளினாள். "இரண்டாம் வருடப் புத்தகத்தில் இருப்பது. சின்ன வகுப்பில் எண்களை எப்படிப் பிரித்தாய் என்று யோசி. பிழைத்தாலும் பரவாயில்லை."

சத்தியபாமா எட்டிப் பார்த்தாள். செவ்வாய்க்கிழமை அவள் மடியில் விரிந்து கிடந்த பக்கத்தில் இருந்த கணக்கு அது. அந்த ரயிலில் கண் அயராமல் இருந்திருந்தால் பிள்ளை இதைக் கண்ணை மூடிக்கொண்டு செய்திருப்பாள்.

நிருஜா பென்சிலை எடுத்தாள். ஒரு கோடும் போடவில்லை. அரை நிமிடம் போனது, ஒரு நிமிடம் போனது. யோசிக்கிறாள் என்று மற்ற இருவரும் நினைத்தார்கள். அவள் யோசிக்கவில்லை என்று சத்தியபாமாவுக்குத் தெரிந்தது. பிள்ளை காத்துக்கொண்டிருந்தாள். பிறகு பென்சிலை வைத்துவிட்டு, ஆசிரியையைப் பார்க்காமல் தாயைப் பார்த்தாள்.

"அம்மா, இது நீங்கள் இன்னும் சொல்லித்தரேல்லை."

"என்ன சொல்கிறாள்?" என்று ஹில்டெ கேட்டாள்.

"கொஞ்சம் பதட்டப்படுகிறாள்" என்று இரவீந்திரன் அவசரமாக நோர்வேஜிய மொழியில் சொன்னான்.

ஓம், பதட்டம்தான் என்று சத்தியபாமாவும் தலையாட்டியிருக்கலாம். கையெழுத்து விழுந்திருக்கும். வீட்டுக்குப் போய் அந்தப் பாடத்தைச் சொல்லிக்கொடுத்தால் திங்கட்கிழமை நிருஜாவின் கை பழையபடி மேலே நிற்கும். ஒன்பது வருடம் ஓடினவளுக்கு இன்னும் இரண்டு வருடம் ஓட முடியாதா? முடியும் என்றுதான் நினைத்தாள். ஆனால் பதினாறு வயதுப் பிள்ளை ஒரு வெற்றுத் தாளுக்கு முன்னால் கையைக் கட்டிக்கொண்டு தன்னைப் பார்த்த பார்வை நெஞ்சை அறுத்தது. அதுதான் அவளைப் பேசவைத்ததா, வெறும் களைப்புத்தான் பேசவைத்ததா என்று பிறகு கேட்டாலும் அவளால் சொல்ல முடியாது.

"நான் இதை அவளுக்கு இன்னும் சொல்லிக்கொடுக்கவில்லை என்கிறாள்" என்றாள், தனக்குத் தெரிந்த நோர்வேஜிய மொழியில், ஒவ்வொரு சொல்லாக. "இரண்டாம் வகுப்பிலிருந்து எல்லாவற்றையும் முதலில் நான்தான் சொல்லிக்கொடுத்தேன். பள்ளியில் அவள் எல்லாவற்றையும் இரண்டாம் முறையாகத்தான் கேட்டாள்."

ஹில்டெயின் சிரிப்பு மெல்ல இறங்கியது. அவள் கையெழுத்துத் தாளை எடுத்துத் தன் கோப்புக்குள் வைத்தாள். அந்த அறையில் மனைவியின் முகத்தை இரவீந்திரன் புதிதாகப் பார்ப்பதுபோல் பார்த்தான்.

நிருஜாவின் கண் நிறைந்துவிட்டது. மற்றவர்களுக்குக் கேட்கக்கூடாது என்று நினைத்தவள்போல் மெதுவாகத்தான் கேட்டாள்.

"அப்ப எனக்கெண்டு என்னம்மா தெரியும்?"

சத்தியபாமா மேசைக்கு மேலாகக் கையை நீட்டினாள். பிள்ளை கையைக் கொடுக்கவில்லை.

"எனக்குத் தெரியாது பிள்ளை" என்றாள். "உனக்கு என்ன தெரியுமெண்டு பாக்க நான் ஒருநாளும் விடேல்லை."