க்ளாஃபுக்கு எதிர்ச்சொல்

மருந்துக்கடைக்கு மேலே இரண்டாவது மாடியில் இருந்த ஆங்கிலப் பேச்சுப் பயிற்சி நிலையத்தில் அவருக்குக் கமா சார் என்று பெயர். ஒரு கமா இடம் மாறினாலும் நிறுத்தித் திருத்துகிறவர் என்பதால் மாணவர்கள் வைத்தது. அவர் காதுக்கும் அது எட்டியிருந்தது. முற்றுப்புள்ளி சார் என்று வைக்காமல் விட்டார்களே என்று இருந்துவிட்டார்.

மாலை வகுப்பு அவருடையது. வேலை முடிந்து கொட்டாவியோடு வரும் பெரியவர்கள்தான் மாணவர்கள்: பல் மருத்துவமனையின் வரவேற்பாளர் ஒரு அம்மாள், லிஃப்ட் பழுது பார்க்கிறவர், தையல் கடைக்காரர், பணி ஓய்வு பெற்றபின் வீட்டில் இருப்புக் கொள்ளாத இரண்டு பேர். யார் வந்தாலும் முறை ஒன்றுதான். ஒரு சொல்லை எடுத்தால் பொருள், எதிர்ச்சொல், மூன்று வாக்கியம். எதிர்ச்சொல் இல்லாமல் ஒரு சொல்லை அவர் விட்டதே கிடையாது. நாற்காலிக்கு எதிர்ச்சொல் என்ன என்று தையல்காரர் விளையாட்டாகக் கேட்டதற்குக்கூட, ஒரு ராத்திரி முழுக்க யோசித்து, மறுநாள் ஏதோ சொன்னார். யாரும் மறுத்துப் பேசவில்லை.

இப்படிப் போய்க்கொண்டிருந்த காலத்தில்தான் எதிர்ச்சாரியில் இன்னொரு நிலையம் முளைத்தது. அங்கே புத்தம்புது ஆங்கிலம் சொல்லித்தருகிறார்களாம். இளைஞர்கள் பேசும் ரிஸ், ஸ்லே, நோ கேப் எல்லாம் கிடைக்குமாம். கமா சாரின் வகுப்பில் பெஞ்சுகள் ஒவ்வொன்றாகக் காலியாகின. நிலையத்தை நடத்தும் மேடம் அவரைக் கூப்பிட்டு, நாமும் அந்தச் சொற்களைச் சொல்லிக்கொடுத்தால் என்ன என்று கேட்டார்.

அவற்றைச் சொல் என்றே ஒத்துக்கொள்ள முடியாது, இருமல் என்று வேண்டுமானால் சொல்லலாம் என்றார் கமா சார். இன்றைக்கு வந்து நாளைக்குப் போகிறவற்றுக்குப் பாடம் நடத்தினால், மாணவர் கற்று முடிப்பதற்குள் சொல் காலாவதியாகிவிடும் என்றும் சொன்னார். நியாயமான வாதம்தான். மேடம் பொறுமையாகக் கேட்டார்.

"சார், உங்க வகுப்புல பாதி பெஞ்ச் காலி. அதுக்கு எதிர்ச்சொல் சொல்லுங்க, நான் வாயை மூடிக்கிறேன்."

கமா சார் வழிக்கு வந்தார்.

வந்துவிட்டாரே தவிர, சொற்களுக்கு எங்கே போவது? வீட்டிலேயே ஒரு சுரங்கம் இருந்தது. பதினொன்றாம் வகுப்புப் படிக்கும் ஒரே மகள். ஆனால் அந்தச் சுரங்கம் மூடிப் பல மாதம் ஆகிவிட்டது. சாப்பாட்டு மேஜையில் ஆங்கிலம் மட்டும்தான் பேச வேண்டும் என்று அவள் சிறுமியாக இருந்தபோது அவர் ஒரு சட்டம் போட்டிருந்தார். சட்டம் இன்னும் அமலில் இருந்தது. அவள்தான் பேசுவதில்லை. 'யெஸ்', 'நோ', 'ஃபைன்', அதிகம் போனால் 'தேங்க்ஸ்'. அவற்றில் திருத்த எதுவும் இல்லை. மிச்சத்தையெல்லாம் அம்மாவிடம் சொல்வாள், அம்மா வந்து அவரிடம் சொல்வாள். ஒரே வீட்டுக்குள் எத்தனை நாள்தான் தூது போவது என்று அம்மாவும் சலித்துக்கொண்டாள். பெற்ற பெண் தன்னோடு பேசுவதில்லை என்பது கமா சாரை உள்ளூர அரித்துக்கொண்டே இருந்தது. பள்ளியில் பாடச்சுமை அதிகம் என்று வெளியே சொல்லிக்கொண்டார்.

ஒருநாள் சாயங்காலம் அவள் அறை வாசலில் நின்று, தொண்டையைச் செருமி, ரிஸ் என்றால் என்ன என்று கேட்டார். கேட்டது தன் அப்பாதானா என்று அவள் திரும்பிப் பார்த்தாள். பிறகு நாற்காலியில் கிடந்த துணிகளை எடுத்துக் கட்டிலில் போட்டாள். அவர் உட்கார்ந்தார்.

அதற்குப் பிறகு தினமும் வகுப்புக்குக் கிளம்புமுன் அந்த நாற்காலிதான். அவள் சொல்லச் சொல்ல அவர் கேட்டார். எந்தச் சொல்லைக் கல்லூரி அண்ணன்மார்களே விட்டுவிட்டார்கள், எந்தச் சொல்லை ஆசிரியர்கள் சொன்னால் வகுப்பே கூசிப்போகும், எல்லாவற்றையும் புட்டுப்புட்டு வைத்தாள். நடுவில் சிரித்தாள்கூட. சொற்களைப் பற்றி அவருக்கு இருந்த அபிப்பிராயம் இம்மியும் மாறவில்லை. ஆனால் சந்தோஷமாக இருந்தது. இருமலோ தும்மலோ, தீர்ந்துவிடாமல் இருந்தால் சரி என்று இருந்தது.

அப்படி வந்த ஒரு சொல்தான் க்ளாஃப். ஒருவர் என்ன சொல்ல வருகிறார் என்று கேட்காமலே, சொல்கிற விதத்தைத் திருத்துவதற்குப் பெயராம். அவர் எந்தச் சொல்லையும் அகராதியில் பார்க்காமல் வகுப்புக்குள் விடுகிறவர் அல்ல. இதையும் பார்த்தார். இல்லை. அகராதியில் இல்லாததே அது புத்தம்புதிது என்பதற்கு அத்தாட்சி என்று எடுத்துக்கொண்டார். இவ்வளவு கறாரான மனிதர்தான் இவ்வளவு சுலபமாக ஏமாற முடியும்.

வகுப்பில் க்ளாஃப் பிய்த்துக்கொண்டு போனது. பொருள் சொல்லி முடிப்பதற்குள் லிஃப்ட்காரர் தன் மேலதிகாரியைச் சொன்னார். ஓய்வு பெற்றவர்களில் ஒருவர் தன் மனைவியைச் சொன்னார். தையல்காரர் தன் மாமியாரைச் சொல்லிவிட்டு, பிறகு யோசித்து, மாமனாரையும் சேர்த்துக்கொண்டார். இப்படிப்பட்டவர்கள் ஊருக்கு ஊர் இருக்கிறார்கள் என்று கமா சாரும் ஒத்துக்கொண்டார். தனக்குத் தெரிந்த இரண்டு ஆசிரியர்களை உதாரணம் காட்டினார்.

வரவேற்பாளர் அம்மாள் கையைத் தூக்கினார். "எதிர்ச்சொல் சொல்லலையே சார்."

கமா சார் சுண்ணக்கட்டியோடு நின்றார். நாளைக்குச் சொல்கிறேன் என்றார்.

வீட்டுக்கு வந்தபோது மகள் கூடத்தில் பள்ளிச் சட்டையை இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள். செருப்பைக்கூடக் கழற்றாமல், க்ளாஃபுக்கு எதிர்ச்சொல் என்ன என்று கேட்டார்.

அவள் காலரைத் திருப்பிப் போட்டாள். "அதுக்கு எதிர்ச்சொல் நான் இன்னும் யோசிக்கலப்பா."

"நீ யோசிக்கலையா? நீ எதுக்கு யோசிக்கணும்?"

"அது நான் உண்டாக்கின வார்த்தை. வேற யாருக்கும் தெரியாது."

அவருக்கு வந்த முதல் கவலை வகுப்பைப் பற்றியது. அத்தனை பேருக்குப் பொய்யைக் கற்றுக்கொடுத்தாயிற்று, மாமனார் வரைக்கும் போயாயிற்று. மேடத்திடம் என்ன சொல்வது? வாயைத் திறந்து அதைத்தான் கேட்கப்போனார். அதற்குள் அவள் இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தாள்.

"எதிர்ச்சொல் வேணும்னு தோணலப்பா. நம்ம வீட்ல அதுக்கு வேலையே வரல."

கோபமாகச் சொல்லியிருந்தால் பதிலுக்குக் கோபப்பட்டிருக்கலாம். அவள் சட்டையை மடித்துக்கொண்டே சொன்னாள்.  சற்றுமுன் வகுப்பில் உதாரணம் காட்டிய ஆசிரியர்கள் இரண்டு பேரும் கமா சாருக்கு இப்போது நல்லவர்களாகத் தெரிந்தார்கள்.

எப்போது உண்டாக்கினாய் என்று மட்டும் கேட்டார்.  பள்ளி திறந்த புதிதில் என்றாள். சின்ன வயதிலிருந்து கூடவே திரிந்த சிநேகிதி அவளை விட்டுவிட்டு வேறு கும்பலோடு சேர்ந்துவிட்டாள். அன்றைக்கு ராத்திரி சாப்பாட்டு மேஜையில் அதைச் சொல்ல வாயெடுத்தாளாம். முதல் வாக்கியத்திலேயே அவர் வினைச்சொல்லைத் திருத்தினாராம். சரியாகச் சொன்னதும் 'குட்' என்று சொல்லிவிட்டுச் சாப்பிட்டாராம்.

கமா சாருக்கு அது நினைவில் இல்லை. அதுதான் அவரை உலுக்கியது. எத்தனையோ ராத்திரி அப்படித்தான் திருத்தியிருக்கிறார், அதில் இது எது என்று அவரால் சொல்ல முடியவில்லை.

அவர் செருப்பைக் கழற்றிவிட்டு வந்து, இஸ்திரி மேஜைக்கு எதிரில் உட்கார்ந்தார்.

"இப்ப சொல்லும்மா. தமிழ்லயே சொல்லு."

"இல்ல," என்றாள் அவள். "இங்கிலீஷ்லயே சொல்றேன்."

சொன்னாள். சிநேகிதி விட்டுப் போனதில் தொடங்கி மாடிப்படிக்கு வந்தாள். பள்ளி திறந்ததிலிருந்து மதியச் சாப்பாட்டை மாடிப்படியில் தனியாக உட்கார்ந்து சாப்பிடுகிறாள். முதலில் யாராவது வந்து கூப்பிடுவார்கள் என்று கீழ்ப்படியில் உட்கார்ந்தாளாம். பிறகு கூப்பிட்டுவிடப் போகிறார்களே என்று மேல்படிக்குப் போய்விட்டாளாம். அம்மாவிடமும் சொல்லவில்லை, சொன்னால் அவள் பள்ளிக்கே வந்து நிற்பாள். சொல்லும்போது வாக்கியங்கள் ஒன்றின் மேல் ஒன்று முட்டிக்கொண்டன. இறந்தகாலம் நிகழ்காலத்துக்குள் புகுந்தது. ஒருமை பன்மையானது. கமா சார் இரண்டு கையையும் முழங்காலுக்கு நடுவில் வைத்துக்கொண்டு, அசையாமல் இருந்தார்.

முடித்ததும் அவள் மூக்கை உறிஞ்சிக்கொண்டு அவரைப் பார்த்தாள். "எத்தனை தப்பு?"

"கேட்டுட்டு இருந்தேம்மா," என்றார். "எண்ணல."

அது முழு உண்மை அல்ல. நான்கு வரைக்கும் எண்ணியிருந்தார். அவள் பேச்சில் மாடிப்படி வந்த பிறகு எண்ணவில்லை.