அத்தையின் சாவும் என் அறுபத்தைந்து வயசும்

பெநீனா அத்தை செத்த நான்காம் நாள் குடும்பம் மொத்தமும் எங்கள் கராஜில் கூடியது. காரை நிறுத்தவா கராஜ் கட்டுகிறார்கள்? தீவை விட்டு வேறு நாட்டுக்குப் பிழைக்க வந்து மாங்கரே நகர்ப்பகுதியில் வாழும் எங்கள் சமோவா ஜனத்துக்குக் கல்யாணம், சாவு, சண்டை எல்லாமே அங்கேதான். மேசையில் டாரோக் கிழங்கும் டின் மாட்டிறைச்சியும் இருந்தன. நடுநாற்காலியில் துவாலா பெரியப்பா உட்கார்ந்திருந்தார். குடும்பத் தலைவர் என்ற பட்டம் அவருடையது. சாவுச் செலவுக்கு யார் எவ்வளவு தர வேண்டும் என்று அவர் சொல்லிவிட்டால் அப்பீலே கிடையாது.

"லோசா, எட்டாயிரம் டாலர்."

"எங்கிட்ட ஏது பெரியப்பா அவ்வளவு?"

"ஆஸ்பத்திரியில எக்ஸ்ரே எடுக்கறவ நீ. நீயே இல்லைன்னா, கோழிக்கடையில நிக்கிற உன் அண்ணனா குடுப்பான்?"

நிஜமாகவே கையில் காசில்லை. வேண்டுமென்றேதான் அப்படி வைத்திருந்தேன். சவாயித் தீவிலிருந்து வேலைக்கு வந்த முதல் மாதமே, ஓய்வுச் சேமிப்புக்குச் சம்பளத்தில் எவ்வளவு பிடிக்க முடியுமோ அவ்வளவையும் பிடிக்கச் சொல்லிவிட்டேன். மிஞ்சியதையும் அதிலேயே தள்ளினேன். காரணம் அத்தைதான். எழுபத்தொரு வயதில், விடிவதற்கு முன்னால் எழுந்து விமான நிலையத்தில் கக்கூஸ் கழுவப் போனாள். முப்பத்தெட்டு வருஷச் சம்பளம் ஊரான் வீட்டுக் கல்யாணத்துக்கும் சாவுக்கும் சர்ச் கூரைக்கும் போய்விட்டது. அவள்மேல் எனக்கு உயிர். ஆனால் அந்தக் கதி எனக்கு வேண்டவே வேண்டாம். இதில் வெட்கக்கேடு என்னவென்றால், அவள் வீட்டில் தங்கியிருந்த என்னிடம் அவள் வாடகை என்று ஒரு காசு வாங்காததால்தான் என்னால் சேர்க்கவே முடிந்தது.

"எல்லாம் ஓய்வுச் சேமிப்புல இருக்கு. அறுபத்தஞ்சு வயசு வரைக்கும் நானே நெனச்சாலும் தொட முடியாது," என்றேன். உள்ளுக்குள் கொஞ்சம் திமிர்கூட இருந்தது.

கராஜே குலுங்கிச் சிரித்தது.

"ஐயோ, பச்சப்புள்ளடி நீ!" என்று சித்தப்பா மகள் ரூத்தா கைப்பையிலிருந்து ஒரு படிவத்தை உருவினாள். அதைக் கையோடு கொண்டு வந்திருக்கிறாள், பாருங்கள்! "கஷ்டநிலை மனு. இதப் போட்டா அறுபத்தஞ்சுக்கு முன்னாலயே பணத்த எடுக்கலாம். நான் ரெண்டு தடவ போட்டாச்சு, பெரியப்பா மூணு தடவ. ஏழாம் பக்கத்துல, 'என்னை நம்பி வாழ்ந்தவரின் இறுதிச் செலவு'ன்னு இருக்கும். அதுல டிக் அடி."

"அத்தை எங்கடி என்னை நம்பி வாழ்ந்தாங்க? அவங்கதானே எனக்குச் சோறு போட்டாங்க!"

"அது நமக்குத் தெரியும். ஆபீஸ்காரனுக்கு எதுக்கு?"

எல்லோருடைய பூட்டும் எப்போதோ திறந்தாகிவிட்டது. நான் ஒருத்திதான் சாவியே கிடையாது என்று நம்பிக்கொண்டிருந்திருக்கிறேன்.

மாட்டேன் என்று சொல்லியிருக்கலாம். சொல்லிவிட்டு எங்கே போவது? அதற்குள் சவாயியிலிருந்து அம்மா போன் செய்துவிட்டாள்.

"ஏண்டி, உங்க அத்தைக்கு நீ ஒண்ணும் குடுக்க மாட்டேன்னியாமே? யார் எவ்வளவு குடுத்தான்னு இங்க ஊர் சர்ச்சுலயும் பேரோட படிப்பாங்கடி. உன் பேரு வரலைன்னா நான் அந்தப் பெஞ்சுல எப்படி உக்காருவேன்?"

"அம்மா, அது எனக்கு வயசான காலத்துக்கு..."

"வயசானா நாங்கல்லாம் இல்ல?"

அழுகையும் ஆத்திரமுமாகக் கையெழுத்துப் போட்டேன்.

இரண்டு வாரம் கழித்து, ஒரு மதியம், சேமிப்பு ஆபீஸிலிருந்து அழைப்பு வந்தது. பணம் வந்தால்தான் அடக்கம் என்று அத்தை இன்னும் பிணவறைக் குளிரில் கிடந்தாள். பெரியப்பா பக்கத்தில் உட்கார்ந்து, தானே ஸ்பீக்கரை அமுக்கினார்.

பேசிய பெண்ணின் குரல் தன்மையாக இருந்தது. "மன்னிச்சுக்கோங்க, ஒரே ஒரு கேள்விதான் பாக்கி. உங்க அத்தை என்ன வேலை பாத்தாங்க?"

பெரியப்பாவின் கை என் தோளில் வந்து விழுந்தது. கனமான கை. முப்பத்தெட்டு வருஷம் என்று வாய் வரை வந்தது. உண்மையைச் சொன்னால் என் பணம் தப்பிக்கும், அவளுடைய உழைப்பும் தப்பிக்கும்.

"வேலையெல்லாம் ஒண்ணும் இல்லைங்க," என்றேன். "சும்மா வீட்டுலதான் இருந்தாங்க."

"கடைசி வரைக்கும் நீங்கதான் வச்சுக் காப்பாத்துனீங்களா?"

"ஆமாங்க."

"உங்க அத்தை குடுத்து வச்சவங்க," என்றாள் அந்தப் பெண்.