யார் வீட்டுப் புகை

என் கணவர் ஸைத் மார்ச் மாதக் கடைசியில் கணவாயைத் தாண்டிப் போனார். நடைப்பயணம் வந்த நாலு பேருடைய மூட்டைகளைக் கோவேறு கழுதைமேல் ஏற்றிக்கொண்டு போய், அந்தப் பக்கத்துப் பள்ளத்தாக்கில் இறக்கிவிட்டு, மறுநாள் தனியாகத் திரும்பினார். கழுதை மட்டும் வீடு வந்து சேர்ந்தது. பனி சரிந்துவிட்டது என்றார்கள். நாலு நாள் கழித்து அந்தப் பக்கத்து ஆட்கள் அவரைத் தோண்டி எடுத்து, அங்கேயே குளிப்பாட்டி, அங்கேயே அடக்கம் செய்தார்கள். எங்களில் பெண்கள் அடக்கத்துக்குப் போவதில்லை. ஆகவே எனக்கு வந்து சேர்ந்தது சேதி மட்டும்தான்.

நான் அழவில்லை. அழக்கூடாது என்று பிடிவாதமெல்லாம் இல்லை; வரவில்லை, அவ்வளவுதான். பல் பிடுங்க ஊசி போட்ட பிறகு கன்னத்தைக் கிள்ளினால் அது யாருடைய கன்னமோ போல இருக்குமே, அப்படி இருந்தது உடம்பு முழுக்க. துக்கம் விசாரிக்க வந்தவர்களுக்கு டீ போட்டுக் கொடுத்தேன். மூன்று தரம் ஊற்றினேன், புதினா குறையவில்லை. யார் என்ன கேட்டாலும், "அவரு கணவாய்க்கு அந்தப் பக்கம் இருக்காரு" என்றேன். அதில் பொய் ஒன்றும் இல்லையே. வெள்ளை உடுத்தச் சொன்னார்கள், உடுத்திக்கொண்டேன். புருஷன் போனவள் இருக்க வேண்டிய இத்தா முடிய நாலு மாதம் பத்து நாள்.

அதில் இன்னும் ஒன்பது நாள் பாக்கி இருக்கும்போது மேய்ச்சல் வெளி திறக்கிற நாள் வந்தது.

எங்கள் ஊருக்கு மேலே ஒரு நாள் நடையில் இருக்கிறது அந்த வெளி. வசந்தத்தில் அதை அடைத்துவிடுவோம். புல் பூத்து விதை கொட்டும்வரை ஒரு குட்டிகூட உள்ளே கால் வைக்கக் கூடாது. ஜூலைக் கடைசியில் புல் தலைவர் குறிக்கிற நாளில் திறக்கும். சிரிக்காதீர்கள், எங்களில் புல்லுக்குத் தலைவர் உண்டு. மனுஷனுக்குத்தான் ஒழுங்கான தலைவர் அமைவதில்லை. திறக்கிற அன்று காலை, வெயில் மலை உச்சியிலிருந்து இறங்கி ஓடையைத் தொடுவதற்குள் ஒவ்வொரு வீட்டுக்காரரும் அவரவர் கல் பட்டியிலிருந்து புகை எழுப்ப வேண்டும். தலைவர் பட்டி பட்டியாக வந்து நின்று, "யார் வீட்டுப் புகை?" என்று கேட்பார். அப்போது சொல்கிற பேருக்குத்தான் அந்த வருஷம் பட்டி. புகை இல்லாவிட்டாலோ, சொல்கிற பேருக்கு ஆள் இல்லாவிட்டாலோ, பங்காளிக்குப் போய்விடும்.

எங்கள் பட்டி ஊற்றுக்குப் பக்கத்தில். இருப்பதிலேயே நல்ல இடம். பதினெட்டு ஆடு என்னிடம். அந்தப் புல் இல்லாவிட்டால் இலையுதிர் காலத்துச் சந்தையில் பதினெட்டையும் ஓட்டிவிட்டு வரவேண்டியதுதான். ஒரே மகளை மராக்கேஷ் பட்டணத்தில் கட்டிக்கொடுத்துவிட்டோம். பிறகு நான் யார் வீட்டு அடுப்படியில் உட்காருவது?

ஸைதின் தம்பி பாஸ்ஸு இரண்டு நாள் முன்னதாகவே வந்துவிட்டான். வாசலிலேயே நின்றான்.

"அண்ணி, நீங்க வெள்ளையில இருக்கீங்க. மலையில போய்த் தங்கினா ஊரு சும்மா இருக்குமா? நான் போய்ப் புகை போட்டுடறேன். என் பேர்ல இருந்தா என்ன, உங்க பேர்ல இருந்தா என்ன?"

"ஒண்ணும் இல்லல்ல? அப்ப என் பேர்லயே இருக்கட்டும்."

"பொம்பள பேர்ல புகை போட்டு யாரு பாத்திருக்கா?"

"புகைக்கு மீசை இருக்கான்னு போய்ப் பாரு பாஸ்ஸு."

அவனுக்கு முகம் சிவந்துவிட்டது. கெட்டவன் இல்லை. அண்ணன்மேல் உயிரையே வைத்திருந்தவன்தான். ஆனால் அந்த ஊற்றடிப் பட்டிமேலும் அவனுக்குச் சின்ன வயதிலிருந்தே ஒரு கண்.

"ஒரு சொட்டுக் கண்ணீர் விடல நீங்க. என் பொண்டாட்டி கேக்கறா, அண்ணி என்ன கல்லான்னு."

"கல்லுதான்னு சொல்லு. பட்டிச் சுவரு ஒரு பக்கம் இடிஞ்சு கெடக்கு, உதவும்."

அவன் போன பிறகு பள்ளிவாசல் இமாமைப் பார்க்கப் போனேன். இத்தாவில் இருக்கிறவள் தன் வீட்டைவிட்டு வெளியே தங்கக் கூடாது என்றார். பட்டியும் என் வீடுதான் என்றேன். அடுப்பு இருக்கிறது, கதவு இருக்கிறது, பாதிக் கூரை இருக்கிறது. அவர் தாடியைத் தடவினார். அந்தப் பட்டியில் கடைந்த வெண்ணெயை இருபத்திரண்டு வருஷமாகச் சாப்பிடுகிற மனிதர்.

"அடுப்பு இருந்தா வீடுதாம்மா," என்றார் கடைசியில். "போயிட்டு வா இஸ்ஸா. பேச்சு வாங்காம வா."

தனியாகப் போக வேண்டியிருக்கவில்லை. நடைப்பயணம் வருகிறவர்களின் மூட்டை சுமக்க எங்கள் ஊரில் வீட்டுக்கு வீடு முறை வைத்துப் போகும். அந்த வாரம் எங்கள் வீட்டு முறை. கழுதை போனால் கழுதைக்கு ஆளும் போக வேண்டும். ஆடுகளை ஊர் மந்தையோடு முன்னாலேயே அனுப்பிவிட்டேன். வழிகாட்டி ஹத்து விடியற்காலையில் வந்து நின்றான். என்னைப் பார்த்ததும் தொப்பியைக் கழற்றி மறுபடி போட்டுக்கொண்டான். ஸைதிடம்தான் அந்த வேலையைக் கற்றுக்கொண்டவன்.

"நீங்களா வர்றீங்க அக்கா?"

"பின்ன, கழுதை தனியா உனக்கு டீ போட்டுத் தருமா?"

வந்திருந்தவர்கள் வெளிநாட்டுக்காரர்கள், ஒரு கணவனும் மனைவியும். ஐம்பது வயது இருக்கும். அவன் எல்லாருக்கும் முன்னால் விறுவிறுவென்று நடந்தான். அவள் பின்தங்கிக் கழுதையோடும் என்னோடும் வந்தாள். வாதுமை மரங்கள் முடிந்து சூரை முள்ளு தொடங்கும் மேட்டில் ஒரு தரம் நின்று, என்னை மேலும் கீழும் பார்த்தாள். என் வெள்ளைத் தலைத்துணி, வெள்ளை அங்கி, வெள்ளைச் செருப்பு. கண் விரிந்து, இரண்டு கையாலும் என் கையைப் பிடித்துக்கொண்டு என்னவோ சொன்னாள். ஹத்துவின் முகம் அப்படியே செத்துப்போயிற்று.

"என்னடா சொல்றா?"

"ஒண்ணுமில்லக்கா. நடங்க."

"சொல்லுடா."

"கல்யாண வாழ்த்து சொல்றாக்கா." தரையைப் பார்த்துச் சொன்னான். "அவங்க ஊர்ல வெள்ளை உடுத்தினா மணப்பொண்ணாம். மாப்பிள்ளை எங்கேன்னு கேக்கறா. நான் அவகிட்ட வெவரமா எடுத்துச் சொல்லிடறேன்…"

"வேணாம். கணவாய்க்கு அந்தப் பக்கம் இருக்காருன்னு சொல்லு."

"அக்கா…"

"சொல்லுடான்னா."

சொன்னான். அவள் நெஞ்சில் கையை வைத்து, "ஆ" என்றாள். வழியோரத்தில் ஒரு நீலப் பூவைப் பறித்து என் தலைத்துணியில் செருகிவிட்டாள். நான் நின்றுகொண்டிருந்தேன். நாலு மாதம் முன்னால் என்றால் அவளை அறைந்திருப்பேன், இல்லாவிட்டால் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்திருப்பேன். வீட்டுக்குப் போய் ஸைதிடம் சொன்னால் அவர் புரண்டு புரண்டு சிரித்திருப்பார். இப்போது ஒன்றுமே தோன்றவில்லை. பூவை எடுக்கவும் தோன்றவில்லை. மேடேறியதும் காற்று அதைக் கொண்டுபோய்விட்டது.

மதியத்துக்குமேல் கணவாய் தெரிந்தது. இடது கைப் பக்கம், இரண்டு சாம்பல் மலைக்கு நடுவில் ஒரு வெட்டு. பனி துளிகூட இல்லை.

"அங்க பாக்காதீங்கக்கா," என்றான் ஹத்து.

"பாத்தா என்ன, கடிக்குமா? கணவாய்தானே."

அவன்தான் பார்க்காமல் நடந்தான். எனக்குக் கோபமாவது வந்திருக்கலாம். வரவில்லை. கழுதை மட்டும் அந்தத் திருப்பத்தில் நின்று காதைத் திருப்பியது. ஒரு தட்டுத் தட்டினேன், நடந்தது.

சாயங்காலம் வெளியை அடைந்தபோது எல்லைக் கற்களுக்கு இந்தப் பக்கம் நாலைந்து ஊர் ஆடும் நெரிந்து நின்றன. புல் வாசனை மூக்கில் ஏறிக் கத்திக்கொண்டிருந்தன. ஹத்து அந்த இருவருக்கும் ஓடைக்குக் கீழே கூடாரம் அடித்தான். நான் பட்டிக்குப் போய் உள்ளே கூட்டினேன். சுவரில் ஸைத் அடித்த ஆணி அப்படியே இருந்தது. என் போர்வையை அதில் மாட்டினேன். பார்லி ரொட்டியில் பாதியைத் தின்றுவிட்டுப் படுத்தேன். தூங்கினேன்கூட. அதைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது, ஆனால் நன்றாகத்தான் தூங்கினேன்.

விடியலில் எழுந்து சூரை வேரை அடுக்கினேன். இரவுப் பனியில் விறகு நனைந்துபோயிருந்தது. ஊதி ஊதிக் கண் எரிந்தது. உச்சியில் வெயில் விழுந்துவிட்டது. அங்கங்கே புகை எழ ஆரம்பித்தது. பாஸ்ஸு தன் பட்டியில் போட்டுவிட்டு வந்து, என் சுவர்மேல் உட்கார்ந்தான்.

"ஊதட்டுமா அண்ணி?"

"எட்டி உக்காரு. உன் மூச்சுப் பட்டா உன் புகையாயிடும்."

அவன் சிரிக்காமல் தள்ளி உட்கார்ந்தான். நாலாவது தரம் பிடித்துக்கொண்டது. முதலில் மஞ்சளாக, பிறகு வெள்ளையாக, நேராக மேலே போயிற்று. அப்பாடா என்றிருந்தது. இனிமேல் பேர் சொல்வது ஒன்றுதான் பாக்கி. அது என்ன பெரிய வேலை என்று நினைத்தேன்.

புல் தலைவர் சக்கு கோலை ஊன்றிக்கொண்டு வந்தார். எழுபது வயது ஆள். பின்னாலே பத்துப் பதினைந்து ஆண்கள். கூடாரத்திலிருந்து அந்த வெளிநாட்டு மனைவியும் வந்து ஹத்துவுக்குப் பக்கத்தில் நின்றாள். என்னைப் பார்த்துக் கையசைத்தாள். வெயில் ஓடைக்கு மேலே ஒரு இருபது தப்படி தூரத்தில் நின்றது.

"யார் வீட்டுப் புகை?"

"ஸைத் வீட்டுப் புகை," என்றேன்.

சொன்ன பிறகுதான் எனக்கே காதில் விழுந்தது. இருபத்திரண்டு வருஷம் பட்டிக்குள்ளே குனிந்து பால் கறந்துகொண்டே கேட்ட பதில். நாக்கு அதுபாட்டுக்குப் போய்விட்டது. ஆண்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். பாஸ்ஸு சுவரிலிருந்து இறங்கினான். ஆள் இல்லாத பேர். பட்டி இப்போது அவனுடையது, வாயைத் திறந்து கேட்க வேண்டியதுதான்.

சக்கு கோலைக் குறுக்கே நீட்டி அவனை நிறுத்தினார். "கெழவனுக்குக் காது கேக்கல. யாரு வீட்டுப் புகை?"

எனக்குத் தெரியும். என்ன சொல்ல வேண்டும் என்று நன்றாகத் தெரியும். வாயைத் திறந்தால் மறுபடியும், "ஸைத் வீட்டு…" என்றுதான் வந்தது. பல்லைக் கடித்துக்கொண்டேன்.

"தலைவரே, மொறைன்னு ஒண்ணு இருக்கு," என்றார் பின்னால் ஒருவர். "அந்தம்மா ரெண்டு தரம் சொல்லிட்டாங்க."

"மொறையை எனக்கு நீ சொல்றியா? வாய மூடு." சக்கு என் பக்கம் திரும்பினார். குரலைத் தாழ்த்தினார். "ஸைத் எங்கே தாயீ?"

"மாமா, அவரு கணவாய்க்கு…"

அதற்குமேல் போகவில்லை. நாலு மாதமாக எல்லாரிடமும் சொன்னதுதான். அன்றைக்கு அது பாதியில் நின்றுவிட்டது. வெயில் இறங்கிக்கொண்டிருந்தது. அவர் கண்ணை எடுக்காமல் என்னையே பார்த்தார். திட்டினால்கூடப் பரவாயில்லை என்றிருந்தது. பதினெட்டு ஆடு, ஊற்று, என் அடுப்பு எல்லாம் அந்த ஒரு வார்த்தைக்கு அந்தப் பக்கம் நின்றன.

"செத்துப்போயிட்டாரு," என்றேன். "ஸைத் செத்துப்போயிட்டாரு. இது இஸ்ஸா வீட்டுப் புகை."

சக்கு கோலால் தரையில் ஒரு தட்டுத் தட்டினார். "இஸ்ஸா வீட்டுப் புகை!" என்று கத்தினார். அப்படிக் கத்தினால் அடுத்த பட்டிக்காரர் வாங்கி அதற்கடுத்த பட்டிக்குக் கத்த வேண்டும். வெளி முழுக்கத் தெரிய வேண்டுமே. அடுத்த பட்டி எங்களுக்குப் பாஸ்ஸுவுடையது. எல்லாரும் அவனைப் பார்த்தார்கள். அவன் இரண்டு கையையும் வாயருகில் குவித்து, நரம்பு புடைக்க, "இஸ்ஸா வீட்டுப் புகை!" என்று கத்தினான். கத்திவிட்டு அப்படியே குந்திக்கொண்டு முகத்தை மூடினான்.

ஓடைக்கு அந்தப் பக்கம் ஒருவர் வாங்கினார். மேட்டில் ஒருவர். பிறகு வெளியின் கடைக்கோடியில், கணவாய்க்கு அந்தப் பக்கத்திலிருந்து வருஷா வருஷம் வருகிற வேறு ஊர்க்காரர் யாரோ, சேதி தெரியாதவர், திருப்பிக் கேட்பது கேட்டது.

"ஊற்றடிப் பட்டியா? அங்க ஸைத் தானே இருப்பாரு? ஸைத் எங்கே?"

நடுவில் இருந்த பட்டிக்காரர்கள் பதில் சொன்னார்கள். ஒவ்வொருவராக வாங்கி, வாங்கி, தூரமாகக் கொண்டுபோனார்கள்.

"செத்துப்போயிட்டாராம்!"

"செத்துப்போயிட்டாராம்!"

"ஸைத் செத்துப்போயிட்டாராம்!"

கடைசிக் குரல் கேட்டதும் நான் அப்படியே சரிந்தேன். அந்த வெளிநாட்டுக்காரிதான் ஓடிவந்து பிடித்தாள். அவள் தோளில் முகத்தை வைத்து நான் போட்ட சத்தத்தில் ஆடுகள் கலைந்து ஓடியதாக ஹத்து பிற்பாடு சொன்னான். எனக்குத் தெரியாது. எனக்கு அவர் அப்போதுதான் செத்திருந்தார்.