கட்டிக்கொடுத்த மச்சான்

இடுப்பு பிடித்துக்கொண்டிருந்தது. காலையிலிருந்து சிமெண்ட் மூட்டை இறக்கியதில் குனிந்தால் நிமிர முடியவில்லை. அந்த நேரம் பார்த்து அரசாங்க ஜீப் ஒன்று வந்து என்னையும் என் மனைவியையும் ஏற்றிக்கொண்டது.

"உங்க மாப்பிள்ளை வீட்டுல விசாரணை" என்றார் டிரைவர்.

"எந்த மாப்பிள்ளை?"

"பர்மிட் சார்."

கட்டட அனுமதி கொடுக்கும் அதிகாரி அவர். அவருடைய மாடி வீட்டை நான்தான் கட்டினேன். என் மனைவி சித்தாள். கூட நான்கு ஆட்கள். ஏழு மாத வேலை. கூலி என்று வாயைத் திறந்தபோதெல்லாம், "இந்த ஊர்ல நீ அடுத்த சுவர் எழுப்ப வேணாமா?" என்பார். குடிபோன பிறகு கேட்டைத் தாண்டவே விடவில்லை.

இப்போது புதுச் சட்டம். அரசு வேலையில் இருப்பவர் வீடு கட்டினால் பணம் எங்கிருந்து வந்தது என்று காட்ட வேண்டும். அந்த வீட்டிலேயே, கதவைத் திறந்துவைத்து, தெருக்காரர்கள் கேட்க விசாரிப்பார்கள். சார் என்ன எழுதிக்கொடுத்திருந்தார் என்பதை டிரைவர்தான் சொன்னார்: கூலிச் செலவே இல்லை, மனைவியின் கூடப்பிறந்த அண்ணன் கொத்தனார், தங்கைக்காகச் சும்மா கட்டிக்கொடுத்தார்.

எனக்குச் சிரிப்பும் வந்தது, வயிறும் எரிந்தது.

கேட்டில் தெருவே கூடியிருந்தது. சார் ஓடிவந்து என்னைப் படிக்கட்டுக்கு அடியில் இழுத்தார்.

"ஆமான்னு ஒரு வார்த்தை சொல்லிடு. சாயங்காலமே ஆறு பேர் கூலியும் முழுசா வந்துடும்."

"எதுக்கு ஆமா?"

"அதான்... மச்சான்னு."

"காதுல விழல சார்."

சிமெண்ட் காலோடு உள்ளே போய் சோபாவில் உட்கார்ந்தேன். இடுப்புக்கு இதமாகத்தான் இருந்தது. சாரின் மனைவி சுவரோரம் நின்றார். வேலை நடந்தபோது குடிக்கத் தண்ணீர் கேட்ட என் மனைவிக்கு, செங்கல் நனைக்கிற தொட்டியைக் காட்டியவர்.

"தங்கச்சி, தண்ணி கொண்டா. கண்ணாடி கிளாஸ்ல."

கொண்டுவந்தார். முகத்தைத் திருப்பிக்கொண்டு நீட்டினார்.

"ஏன் நாத்தனாரே, அண்ணனுக்கு மட்டும்தானா?" என்றாள் வாசலிலிருந்து என் மனைவி. "அண்ணி வெயில்ல நிக்கிறது கண்ணுக்குத் தெரியலயா?"

தெரு சிரித்தது. அவளுக்கும் ஒரு கிளாஸ் போனது.

விசாரணை அதிகாரி ஒரு பெண். சாரிடம் கேட்டார்: "இவர் உங்களுக்கு என்ன வேணும்?"

"மச்சான்" என்றார் சார், தரையைப் பார்த்து.

"என்ன மாப்பிள்ளை, கொட்டாவி விடற மாதிரி சொல்றீங்க? தெருவுக்குக் கேக்க வேணாமா?"

"மச்சான்! என் மச்சான்!"

"அப்ப வாங்க, பக்கத்துல உக்காருங்க. என்கிட்ட என்ன கூச்சம்?"

உட்கார்ந்தார். தோளில் கை போட்டேன். என் கைச் சிமெண்ட் அவருடைய வெள்ளைச் சட்டையில் அப்பியது. நன்றாக அழுத்தித் தேய்த்தேன்.

அதிகாரி என் பக்கம் திரும்பினார். "ஐயா, இந்த அம்மா உங்க கூடப்பிறந்த தங்கச்சியா? யோசிச்சுச் சொல்லுங்க."

சாரின் விரல்கள் என் முழங்காலை அமுக்கின. ஆமாம் என்றால் ஆறு பேர் கூலி. வாசலைப் பார்த்தேன். என் மனைவி தண்ணீரைக் குடித்து முடித்து வாயைத் துடைத்தாள்.

"எங்கம்மா பெத்தது நாலும் பசங்கம்மா" என்றேன். "எனக்குத் தங்கச்சியே கிடையாது. இவர்கிட்ட கூலிக்கு வேலை பார்த்தேன். பைசா தரல."

"டேய்!" என்றார் சார்.

"அய்யோ, அதுக்குள்ள உறவு முறிஞ்சுபோச்சே" என்றாள் என் மனைவி.

சாயங்காலத்துக்குள் சாரை வேலையிலிருந்து நிறுத்திவைத்தார்கள். வீட்டுக்கு சீல். பூட்டில் அரக்கு காயும்வரை நின்று பார்த்தேன். சார் ஒரு கையில் பெட்டியும் மறு கையில் தலையணையுமாக அத்தனை பேர் நடுவே நடந்து போனார். வயிறு குளிர்ந்தது. இல்லை என்று சொன்னால் பொய்.

பிறகுதான் அதிகாரியிடம் போனேன். "எங்க கூலிம்மா?"

"வீடு இனி அரசாங்கத்துப் பொறுப்புங்க. கூலிக்கு இந்தச் சட்டத்துல வழி இல்ல. நீங்க தனியா கேஸ் போடணும்."

தெருமுனையில் நான்கு ஆட்களும் நின்றிருந்தார்கள். சங்கதி எனக்கு முன்பே போய்ச் சேர்ந்திருந்தது.

"நல்லா வச்சீங்க ஆப்பு, மேஸ்திரி" என்றான் ஒருவன்.

இன்னொருவன் சிரிக்கவில்லை. "ஆமான்னு சொல்லியிருந்தா இந்நேரம் கையில காசு. எங்கள ஒரு வார்த்தை கேட்டீங்களா?"

கேட்கவில்லை. "நான் தர்றேன்" என்றேன்.

நான்கு பேருக்கு ஏழு மாதக் கூலி. நான் தர வேண்டும்.