பூனை அறையின் சாவி

அக்காவின் பூனை விடுதிக்கு வேலைக்கு வந்த முதல் நாளிலிருந்தே தங்கைக்கு அந்த ஆளைக் கண்டால் ஆகாது. வேறு யாருமில்லை, அக்காவின் கொழுந்தன்தான். வெளியூர் போகிறவர்கள் விட்டுவிட்டுப் போகும் பூனைகளை அக்கா தன் வீட்டின் பின்னறையில் கூண்டுகளில் வைத்துப் பார்த்துக்கொள்கிறாள். மாடிப்படியில் வழுக்கிக் காலை உடைத்துக்கொண்டு அவள் ஆஸ்பத்திரியில் படுத்துவிடவே, காலை வேலை தங்கைக்கு, மாலை வேலை கொழுந்தனுக்கு என்று ஆயிற்று.

"யாரு ஒழுங்கா பாத்துக்கிறீங்களோ அவங்கதான் இனிமே நிரந்தரம். ஒரு பூனைக்கும் ஒண்ணும் ஆகக்கூடாது, சொல்லிட்டேன்" என்று காலைத் தொங்கவிட்ட கட்டிலிலிருந்தே அக்கா உத்தரவு போட்டாள்.

தங்கைக்கு இந்த வேலை வேண்டும். வேலை தேடித் தேடிச் செருப்புத் தேய்ந்தவள் அவள்.

அதனால் மாங்கு மாங்கென்று உழைத்தாள். பூனைகள் கழிக்கும் மண் தட்டுகளைக் கொட்டி, துணிகளை அலசி, தண்ணீர்க் கிண்ணங்களைத் தேய்த்து, கடைசியில் வாளியில் பினாயிலைத் தாராளமாக ஊற்றுவாள். தண்ணீர் பால் மாதிரி வெளுத்தால்தான் அவளுக்கு மனசு ஆறும். கூண்டின் அடித்தகடு, தரை, மூலை முடுக்கு ஒன்றையும் விடமாட்டாள்.

கொழுந்தனோ சோம்பேறி. சோப்புத் தண்ணீரில் ஒரு துடை, அவ்வளவுதான். போதாததற்கு வந்ததும் வராததுமாக ஜன்னல்களைத் திறந்துபோடுவான்.

"புதுசு, உள்ள நுழைஞ்சாலே மூக்கு எரியுது. பூனைங்க எப்படித்தான் இருக்குதுங்களோ!" என்பான்.

வேலைக்குப் புதுசாம் அவள்! இவர் பெரிய பழசு. தங்கை பல்லைக் கடித்துக்கொண்டாள்.

பிறகுதான் அது ஆரம்பித்தது. ஒரு பூனை எச்சில் ஒழுக உட்கார்ந்திருந்தது. இன்னொன்று வாந்தி எடுத்தது. குண்டன் என்கிற செம்பட்டைப் பூனை சாப்பாட்டை முகர்ந்துகூடப் பார்க்காமல், பாதங்களை நக்கிக்கொண்டே கிடந்தது. வாந்தி கண்ட இடத்தில் கிருமி இருக்குமே என்று தங்கை இன்னும் கொஞ்சம் பினாயில் ஊற்றித் துடைத்தாள்.

காய்ச்சலாகி அவள் வராமல் போன நாளில் மட்டும் ஒரு பூனைக்கும் ஒன்றும் ஆகவில்லை. அன்று முழுக்கக் கொழுந்தன்தான் பார்த்துக்கொண்டான். அதைக் கேட்டதும் அவளுக்குப் பொறி தட்டியது. அவன் தனியாகப் பார்த்தால் எல்லாம் சுகம், அவள் வந்தால் மட்டும் நோவா? அவளை அக்காவிடம் மாட்டிவிட வேண்டுமென்றே எதையோ வைக்கிறான்! அந்த ஜன்னல்? வெளியே நின்றபடி எதையாவது உள்ளே போடுவதற்கு வழி. வேறெதற்கு?

குண்டனைத் தூக்கிக்கொண்டு மிருக டாக்டரம்மாவிடம் ஓடினாள்.

"யாரோ விஷம் வைக்கிறாங்க டாக்டர்."

ரத்தம் எடுத்துக்கொண்டு குண்டனை அங்கேயே வைத்துக்கொண்ட டாக்டரம்மா, முடிவு வந்ததும் கூப்பிடுவதாகச் சொன்னார். தங்கையால் அதுவரை பொறுக்க முடியவில்லை. அக்காவுக்குப் போன் போட்டு ஒன்றுக்கு ஒன்பதாகப் போட்டுக்கொடுத்தாள்.

மறுநாள் கொழுந்தன் வந்தபோது வாசலை மறித்து நின்றாள்.

"அக்கா சொல்லிடுச்சு. நீங்க இனிமே உள்ள வரக்கூடாது."

"நானா? நான் என்ன பண்ணேன்?"

"அத நீங்கதான் சொல்லணும்."

அவன் முகம் சுண்டிப்போயிற்று. படியிறங்கிப் போய்த் தெருமுனை டீக்கடையில் உட்கார்ந்துகொண்டான். குற்றமில்லாதவன் என்றால் சண்டை போட்டிருப்பானே என்று அதையும் அவன் கணக்கிலேயே எழுதிக்கொண்டாள் தங்கை.

பிறகு ஜன்னல்களையெல்லாம் இறுக்கிச் சாத்தினாள். அவன் கை பட்ட தடமெல்லாம் போகட்டும் என்று பாட்டிலை அப்படியே வாளியில் கவிழ்த்து அறை முழுக்கத் துடைத்தாள். கதவைப் பூட்டி, சாவியை இடுப்பில் செருகி, வெளியே நாற்காலி போட்டுக் காவலுக்கு உட்கார்ந்தாள். இத்தனை நாளில் அன்றுதான் நிம்மதியாக இருந்தது.

போன் அடித்தது. டாக்டரம்மா.

"குண்டனுக்கு ஈரல் கெட்டுப்போயிருக்கு. பிழைக்குமான்னு இப்ப சொல்ல முடியாது. ஆமா, அங்க தரைய எதால துடைக்கிறீங்க?"

"பினாயில் டாக்டர். நல்லா நிறைய ஊத்தித்தான்" என்றாள் பெருமையாக.



"பூனைக்கு அதுதாம்மா விஷம். மிதிச்ச காலை நக்கியே உள்ள போயிடும், காத்துல மூச்சோடயும் போகும். உடனே எல்லாத்தையும் வெளிய எடுங்க. சோப்புத் தண்ணில காலைக் கழுவி, தொடச்சு, இங்க கொண்டு வாங்க. சீக்கிரம்!"

இடுப்பிலிருந்து சாவியை உருவிப் பூட்டில் போட்டுத் திருகினாள். கதவைத் திறந்ததும் நெடி கண்ணைக் கரித்தது. கூண்டுகளில் பூனைகள் வாயைத் திறந்துகொண்டு மூச்சு வாங்கின. ஒன்றை எடுத்தால் இன்னொன்று கத்தியது. ஒருத்தியால் ஆகிற வேலையா இது? பூனைகளை அடக்கத் தெரிந்த இன்னொரு ஆள் அந்தத் தெருவில் ஒருவன்தான்.

வாசலுக்கு ஓடினாள். அவன் இன்னும் தெருமுனை டீக்கடையிலேயே உட்கார்ந்திருந்தான்.

"வாங்க! ஓடி வாங்க! நான்தாங்க, எல்லாம் நான்தான்!"

கொழுந்தன் திரும்பி ஓடிவந்தான். ஆனால் வாசற்படியில் வந்ததும் சட்டென்று நின்றுவிட்டான்.

"உள்ள வரலாமா?"